அரைக்கிலோ வெட்டுக்காயப் பூண்டு

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருடம் முடிகிறது. அதை ஞாபகம் வைத்து யாரும் வாழ்த்து அனுப்பவில்லை. சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது.

இந்த ஊரில் கடிதம் என்றாலே எனக்குப் பயம். வரி, காப்பீடு, பள்ளிக்கூடம், குப்பைத் தொட்டி, எதுவானாலும் காகிதத்தில்தான் பேசுவார்கள். ஒரு வாக்கியம் முக்கால் பக்கத்துக்கு ஓடும். முனைவர் பட்டம் வாங்கியவள், இங்கேயே வேலை பார்க்கிறவள், என்ன பிரயோசனம்? இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டிவிடுவேன். கயல்விழிக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். ஒரே மூச்சில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"மாமா ஒரு பார்சல் அனுப்பியிருக்கு. உள்ள செத்துப்போன இலை. பதினாலு நாளுக்குள்ள நீ போய் அது என்னான்னு சொல்லணும். இல்லன்னா எரிச்சிருவாங்க."

காய்ந்த இலை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் திருத்துவேன், அவள் முகத்தைச் சுளிப்பாள், நான் கத்துவேன். அன்றைக்கு அதற்கெல்லாம் எனக்குத் தெம்பில்லை.

மாமா என்றால் என் அண்ணன் சேவுகன். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் களத்து மேஸ்திரி. பார்சலில் இருப்பது அரைக்கிலோ வெட்டுக்காயப் பூண்டு. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்குமே, அரிவாள் பட்டால் கசக்கி வைத்துக் கட்டுவோமே, அதுதான். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், இந்த இலையை வைத்து நான் மருந்து செய்து அனுப்புவேன் என்று காத்திருக்கிறார்.

நான் அப்படி ஒரு மருந்தை ஒரு நாளும் செய்ததில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

காரைக்குடியில் நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் எங்கள் துறையில் பாதிப் பேர் ஏதாவது ஓர் இலையை அவித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி ஆவாரை, ஒருத்தன் நொச்சி, நான் வெட்டுக்காயப் பூண்டு. பார்க்கிறவர்களுக்குச் சமையல் மாதிரிதான் இருக்கும். இலையைக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவைத்து இறுத்தால் வெளிர்மஞ்சளாகச் சாறு வரும். அதைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றிவைத்தால், கரைந்து கிடக்கும் வெள்ளியை இலைச்சாறு கண்ணுக்குத் தெரியாத துகளாகத் திரட்டிவிடும். தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறைவிடச் சின்னது. கடுமையான ரசாயனம் ஏதுமில்லாமல் இலையே வேலையைச் செய்வதால் இதற்குப் பசுமை முறை என்று பெயர். மஞ்சள் நிறம் மாறிப் பழுப்பானால் துகள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இலை கொண்டுவருவது அண்ணன் வேலை. ஐந்து வருடம், வாரத்துக்கு இரண்டு நாள். மானகிரிக் கண்மாய்க் கரையில் வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து ஆய்வகத்து வாசலில் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போவார். ஒரு நாள் உள்ளே கூப்பிட்டுக் குடுவையைக் காட்டினேன். கண் முன்னாலேயே நிறம் மாறியது.

"ஏத்தா, தேயிலைத் தண்ணியாட்டம் ஆயிருச்சே! இதுக்குள்ளயா வெள்ளி கெடக்கு?"

"ஆமாண்ணே."

"இது புண்ண ஆத்துமா?"

கிருமி வளர்த்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் அதைச் சுற்றிக் கிருமி அண்டாத ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை அளவுகோல் வைத்து அளந்து எழுதினேன். என் ஆராய்ச்சி அவ்வளவுதான். தட்டுக்கும் மனிதத் தோலுக்கும் நடுவில் வெகுதூரம் இருக்கிறது. எவ்வளவு போட்டால் கிருமி சாகும், எவ்வளவு போட்டால் தோலே வெந்துபோகும், உடம்புக்குள் போன வெள்ளி எங்கே போய்த் தங்கும், இதையெல்லாம் பார்க்கப் பல பேர் பல வருடம் உழைக்க வேண்டும். அன்றைக்கே எனக்கு இது தெரியும்.

"ஆத்தும்ணே" என்றுதான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றும் தெரியும். பொம்பளைப் பிள்ளையை எதற்கு இன்னும் படிக்கவைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டியிருந்தது. "எந் தங்கச்சி புண்ணாத்துற மருந்து கண்டுபிடிக்குது" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒரு செய்தித்தாளில் காயம் ஆற்றும் வெள்ளி மருந்து என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு என் படத்தோடு நாலு வரி வந்தது. அதை லேமினேஷன் செய்து ஆலையின் எடைமேடை அறையில் மாட்டிவிட்டார். லாரிக்காரர்கள் எல்லாரும் படித்தார்கள். இன்னமும் அது அங்கேதான் தொங்குகிறது.

3

இங்கே வரும்போது அண்ணன் காயவைத்துப் பொடித்துக் கொடுத்த இலைத்தூளை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தேன். புது ஆய்வகம், புது எந்திரங்கள். பழைய செய்முறையை எழுத்துப் பிசகாமல் செய்தேன். கரைசல் வெளிர்மஞ்சளாகவே நின்றது. மறுநாளும் அப்படியே. கூட வேலை பார்த்தவர்கள் மரியாதையானவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அந்த வாரம் அண்ணன் போனில் கேட்டார். "என்னாத்தா, அங்குட்டுப் போயி மருந்து செஞ்சிட்டியா?"

"இங்க நம்ம ஊரு எலை கெடைக்கலண்ணே. இந்த எலைக்கு வர மாட்டேங்குது."

பச்சைப் பொய். பாட்டிலில் இருந்தது அவர் கையால் பறித்த இலை.

பக்கத்து மேசைக்காரி ஒருத்தி என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, "அறை வெப்பநிலை என்று எழுதியிருக்கிறாயே, உங்கள் அறையில் எவ்வளவு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அறை வெப்பநிலை என்றால் அறை வெப்பநிலைதானே என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறை. அடுப்பு அணைந்துவிடும் என்று காற்றாடியைப் போட மாட்டோம். மேற்குப் பக்க ஜன்னலில் சித்திரை வெயில் குடுவை மேலேயே விழும். இங்கே ஆய்வகத்தில் இருபது டிகிரி. ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்த அறையில் வெப்பமானியைப் பார்த்து எழுதியதில்லை. எங்களுக்கு அது சூடு என்றே தெரியாது, அதுதான் எங்கள் அறை.

குடுவையை முப்பத்தெட்டு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தேயிலைத் தண்ணி நிறம். இலைமேல் குற்றமில்லை, என்மேல்தான் என்று அன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இலைமேல் போட்ட பழி அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஆராய்ச்சிப் பணி இரண்டு வருடத்தில் முடிந்தது. அதற்குள் கயல் பிறந்திருந்தாள். அப்புறம் கிடைத்த வேலையில்தான் இப்போதும் இருக்கிறேன். ஓடுகிறவர்களும் மலையேறுகிறவர்களும் போடும் காலுறையில் வியர்வை நாற்றம் வராமலிருக்க வெள்ளித் துகளை நூலில் ஏற்றும் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். "வெள்ளிலதாண்ணே வேல" என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

4

ஆலைக் களம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அவித்த நெல்லை சிமெண்டுத் தரையில் கொட்டிப் பரப்பி, காலாலேயே சால் பிடித்துக் கிளறிவிடுவார்கள். செருப்புப் போட மாட்டார்கள். சோற்றுக்கு ஆகிற நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்கிறதாவது என்று அண்ணன் கேட்பார். மேஸ்திரியான பிறகு அவர் களத்தில் இறங்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் கால் வைத்துப் பார்த்தால்தான் நெல்லின் பதம் தெரியும் என்று இறங்குவார். மாசி முடிந்தால் அந்தத் தரையில் முட்டை பொரிக்கலாம். சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்குத் தோல் வெந்தது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மதினிதான் பார்த்திருக்கிறது.

காணொளியில் அண்ணன் காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். ஓரம் வெளுத்திருந்தது.

"வலிக்குதாண்ணே?"

"வலியே இல்லத்தா. அதான் சும்மா விட்டுட்டேன்."

"வலியில்லன்னாத்தான் ஆபத்து. டாக்டர்கிட்டக் காட்டுனீகளா?"

"அவுக கத்தியத்தான் எடுப்பாக. ஏன், நீ இருக்கேல? ஒரு பாட்டில் அனுப்பு."

அப்போது சொல்லியிருக்கலாம். எதிரே அவர் சிரித்த முகம், பின்னால் எடைமேடை அறைச் சுவர், சுவரில் என் படம். "சரிண்ணே, பாப்போம்" என்றேன். ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்று பின்னாலேயே நாலு தரம் சொன்னேன்தான். ஆனால் அந்த 'பாப்போம்' மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. அடுத்த மாதம் அவரே கூப்பிட்டார்.

"எலை இல்லன்னுதான சொன்ன? மானகிரியில போயி பறிச்சு, நெழல்ல காயவச்சு அனுப்பியிருக்கேன். வெரசா செய்யித்தா."

புண் இருக்கிற காலோடு கண்மாய்க் கரைக்குப் போயிருக்கிறார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சுங்க அலுவலகத்துக்குக் கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். பதற்றம் வந்தால் என் ஜெர்மன் கால் இடறும். அதிகாரி அண்ணன் வயதுக்காரர், அமைதியான மனிதர். பார்சலை எங்கள் முன்னால் மேசையில் வைத்துக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். மேலே சாக்குத் துணி, மூட்டை தைக்கிற சணலால் நெருக்கமாகத் தையல். பிரித்ததும் அந்த வெள்ளை அறை முழுக்க அவித்த நெல்லின் வாடை. அதற்கடியில்தான் இலை வாசனை வந்தது.

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். மூன்று கட்டங்கள். மருந்தா, உணவா, செடியா? மருந்து என்றால் தனி ஆள் தபாலில் வரவழைக்கக் கூடாது. செடி என்றால் அனுப்பிய நாட்டு அரசாங்கத்தின் சான்றிதழ் வேண்டும். கயல் என் முழங்கையை இடித்துத் தமிழில் கிசுகிசுத்தாள். "டீன்னு சொல்லும்மா. குடுத்திருவாங்க."

"இது மருந்தா?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

"மருந்து இல்லை."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. நான் வேதியியல் படித்தவள். இந்த இலையில் இருந்து செய்த எதையும் மருந்து என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நானும் நிரூபிக்கவில்லை."

ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு பிழை இல்லை. பதினேழு வருடத்தில் நான் பேசிய ஆகச் சுத்தமான ஜெர்மன் அதுதான். அவர் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார். சான்றிதழ் இல்லை, எரித்துவிடுவோம், இங்கே கையெழுத்து என்றார். போட்டேன்.

டிராமில் ஏறி உட்கார்ந்ததும் கயல் என் பக்கம் திரும்பினாள். ஜெர்மனில் கேட்டாள், அவளுக்குக் கோபம் அந்த மொழியில்தான் வரும். "அந்த ஆளிடம் நாலு நிமிஷத்தில் சொல்லிவிட்டாய். மாமாவிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?"

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புரியாமல் என்ன, அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

5

ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஊருக்குப் பேசுவது வழக்கம். அங்கே அப்போது பிற்பகல், அண்ணன் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"எலை வந்துச்சாத்தா?"

எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பதற்குள் கயல் பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தாள்.

"மாமா, இலைய எரிச்சிட்டாங்க. அது மருந்து இல்ல. அம்மாவே ஆபீசர்கிட்ட சொன்னாங்க. நீ காத்திருக்காத. ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னைக்கே போ."

போங்க என்று சொல்ல அவளுக்கு வருவதில்லை. அண்ணன் அதற்குக் கோபித்ததும் இல்லை. ஆனால் அன்று அவர் முகம் சட்டென்று சிறுத்துப்போனது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாண்ணே, புள்ள சொல்றது நெசம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சின்னப்புள்ள, தெரியாமப் பேசுது. நான் வேற வழி பாக்குறேண்ணே. அதுவரைக்கும் ஆஸ்பத்திரில காட்டுங்க."

"சரித்தா" என்றார். "புள்ளைய வையாத."

போன் அணைந்ததும் கயல் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள், மொழி போய்விட்டது, ஊர் போய்விட்டது என்று இங்கே உள்ள நம்மவர்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம். நானும் புலம்பியிருக்கிறேன். அன்று விலகிப் போனது அவள் இல்லை. ஊருக்குப் பேச வேண்டியதை அவள்தான் பேசினாள்.

6

செவ்வாய்க்கிழமை மதினி கூப்பிட்டது.

"ஒங்க அண்ணன் பெரியாஸ்பத்திரில இருக்காக. மூணு வெரல எடுத்துட்டாகத்தா."

மதினி விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தபிறகு யாரிடமும் பேச்சில்லையாம். ராத்திரி சாப்பாடும் இல்லையாம். விடிந்ததும் அவராகவே, கெளம்பு, போவோம் என்றாராம்.

"இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தா முட்டியோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அந்தப் புள்ளதான் காப்பாத்துச்சு. அதுகிட்டச் சொல்லுங்க."

கயலிடம் சொன்னேன். அவள் வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் படுத்ததில்லை.

மூன்று மாதம் முன்பே போயிருந்தால் மருந்து மாத்திரையோடு போயிருக்கும். அந்த மூன்று விரலும் என் ஒரு 'பாப்போம்'. இதை நான் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியாது. நான் செய்யும் காலுறைகளில் ஐந்து விரலுக்கும் தனித்தனியாக உறை பின்னிய ஒரு வகை உண்டு. அந்த வாரம் அந்தப் பின்னல் எந்திரத்தின் பக்கம் என்னால் போக முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வார்டிலிருந்தே அண்ணன் பேசினார். முகம் வற்றியிருந்தாலும் குரலில் ஒரு துள்ளல்.

"ஏத்தா, ஒரு சேதி தெரியுமா? நர்சம்மா புதுசா ஒரு கட்டு போடுது. சாம்பக் கலர்ல மெல்லிசா துணியாட்டம் இருக்கு. என்னம்மா இதுன்னேன். வெள்ளி கலந்ததுங்குது! பொடிப் பொடியா, கண்ணுக்கே தெரியாத வெள்ளியாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுருச்சு. எந் தங்கச்சி கண்டுபிடிச்சதுல்லன்னு வார்டு பூராஞ் சொல்லிட்டேன். புண்ணு கூட செவப்பா நல்லா வருதாம்." மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒன்னோடதுதானத்தா?"

கயல் எதிர்ச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அவள் எழுந்து வரவில்லை.

"இல்லண்ணே" என்றேன். "அது வேற யாரோ செஞ்சது. பல பேரு பல வருசம் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காக. நான் செஞ்சது ஒரு மனுசர் ஒடம்புலகூடப் பட்டதில்ல. கயலு சொன்னது நெசம். எலையிலயும் குத்தமில்ல, நீங்க குடுத்த எலையிலதான் செஞ்சேன், அன்னைக்கி நான் பொய் சொன்னேன். நான் சாக்ஸ் கம்பெனில வேல பாக்குறேன். ஒங்களக் காக்கவச்சது நான்தாண்ணே."

அவர் கண் திரையைவிட்டு எங்கோ கீழே போனது, கட்டுப் போட்ட காலைப் பார்த்தாரோ என்னவோ.

பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு கிழவர் குரல் கேட்டது. "என்னய்யா, தங்கச்சி என்ன சொல்லுது? அது செஞ்சதுதானா?"

அண்ணன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்தினார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

"ஆமாங்குது" என்றார். "அது செஞ்சதுதானாம்."